பழைய வீட்டு கராஜில் ஜிஎஃப்சிஐ அவுட்லெட்: ஒன்று போதுமா, மூன்றையும் மாற்றணுமா?

ராரிடன்கரை | நியூ ஜெர்சி

வணக்கம். 1972-இல் கட்டிய வீடு ஒன்றை வாங்கிக் குடிவந்திருக்கிறோம். வீட்டோடு ஒட்டிய கராஜ். அதில் மூன்று அவுட்லெட். ஒன்று பிரேக்கர்கள் இருக்கும் பேனலுக்குப் பக்கத்துச் சுவரில், அடுத்தது எதிர்ச்சுவரில், மூன்றாவது கதவைத் தூக்கும் மோட்டாருக்காக மேலே கூரையில். எதிலும் டெஸ்ட், ரீசெட் பட்டன் கிடையாது, அதாவது கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் ஜிஎஃப்சிஐ வகை ஒன்றுகூட இல்லை. வாங்கும்போது வந்த ஹோம் இன்ஸ்பெக்டரும் இதை அறிக்கையில் குறித்திருந்தார்.

சத்தம் அதிகம் என்பதால் மாவு கிரைண்டரை கராஜில்தான் வைக்கப்போகிறோம். கூடவே ஒரு செஸ்ட் ஃப்ரீசர், வேக்வம், டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரெஸர். குளிர்காலத்தில் கார் உள்ளே வந்ததும் பனி உருகித் தரையெல்லாம் தண்ணீர். அம்மா ஊரிலிருந்து வந்திருக்கிறார், வெறுங்காலோடுதான் அங்கே போய் வருவார். அதனால் இதைத் தள்ளிப்போட மனமில்லை.

மூன்றும் ஒரே 20 ஆம்பியர் பிரேக்கரில் இருக்கின்றன. மூன்றையும் மாற்றணுமா, ஒன்றை மட்டும் மாற்றினால் போதுமா? இல்லை, பிரேக்கரையே ஜிஎஃப்சிஐ பிரேக்கராகப் போட்டுவிடலாமா? ஊரில் சின்னச் சின்ன வயரிங் வேலை செய்து பழக்கம் உண்டு. இங்கே இதுவரை தொட்டதில்லை.

செம்புக்கம்பி | டெக்சாஸ்

நான் இங்கே லைசென்ஸ் பெற்ற எலக்ட்ரீஷியன். கராஜுக்கு ஜிஎஃப்சிஐ வேண்டும் என்று என்இசி, அதாவது அமெரிக்க வயரிங் விதித்தொகுப்பு, சொல்ல ஆரம்பித்தது 1978 பதிப்பில். உங்கள் வீடு அதற்கு முந்தியது, அதனால் அன்றைக்கு அது சரிதான். ஆனால் இன்றைக்கு அந்த அவுட்லெட்டைக் கழற்றிப் புதிதாக எதை மாட்டினாலும் அதற்கு ஜிஎஃப்சிஐ பாதுகாப்பு இருக்க வேண்டும். குழந்தைகள் கம்பியைச் செருக முடியாத ஷட்டர் வைத்த வகையாகவும் இருக்க வேண்டும்.

ஒன்று போதும், ஆனால் அது வரிசையில் முதல் அவுட்லெட்டாக இருக்க வேண்டும். பேனலிலிருந்து வரும் வயர் முதலில் எந்தப் பெட்டிக்குள் நுழைகிறதோ அங்கே ஜிஎஃப்சிஐ-யைப் போட்டு, மற்ற இரண்டையும் அதன் லோடு முனையிலிருந்து (அடுத்த அவுட்லெட்டுக்குக் கரண்ட் வெளியே போகும் முனை) எடுத்தால் மூன்றுக்கும் பாதுகாப்பு கிடைத்துவிடும். பேனலுக்குப் பக்கத்தில் இருப்பதுதான் முதலாவது என்று நம்பிவிடாதீர்கள். வீடு கட்டியவர் எந்தப் பக்கமாக வயர் இழுத்தார் என்பது அவருக்குத்தான் தெரியும்.

கண்டுபிடிப்பது இப்படி. பிரேக்கரை அணைக்கவும். டெஸ்டரை முதலில் கரண்ட் இருக்கும் வேறொரு அவுட்லெட்டில் வைத்து அது வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டு, அப்புறம் கராஜ் அவுட்லெட்டில் வைக்கவும். திரும்பவும் ஒருமுறை கரண்ட் இருக்கும் இடத்தில் வைத்துப் பார்க்கவும். பேட்டரி தீர்ந்த டெஸ்டரும் 'கரண்ட் இல்லை' என்றுதான் காட்டும். பிறகு அவுட்லெட்டைக் கழற்றி, இரண்டு கேபிளையும் தனித்தனியாகப் பிரித்து, ஒவ்வொரு முனைக்கும் வயர் நட் (திருகி மூடும் பிளாஸ்டிக் தொப்பி) போட்டு, யாரும் தொடாதபடி வைத்துவிட்டு பிரேக்கரைப் போடவும். மற்ற இரண்டு அவுட்லெட்டும் செத்துவிட்டால் இதுதான் முதலாவது. இங்கே கரண்ட் இருக்கும் கேபிள்தான் லைன், இன்னொன்று லோடு. எது எது என்று டேப்பில் எழுதி ஒட்டிவிட்டு, பிரேக்கரை மறுபடி அணைத்து வேலையைத் தொடங்கவும்.

புது ஜிஎஃப்சிஐ-யின் பின்புறம் ஒரு மஞ்சள் ஸ்டிக்கர் இரண்டு ஸ்குருவை மூடியிருக்கும். அதுதான் லோடு. கறுப்பு வயர் பித்தளை நிற ஸ்குருவில், வெள்ளை வெள்ளி நிற ஸ்குருவில். பழைய பெட்டிகளில் வெள்ளை வயர் இரண்டையும் ஒன்றாக முறுக்கி வைத்திருப்பார்கள். அப்படியே விட்டுவிட்டு கறுப்பை மட்டும் பிரித்தால், அடுத்த அவுட்லெட்டில் எதைப் போட்டாலும் அந்த நொடியே டிரிப் ஆகும். லோடு பக்கத்து வெள்ளை, லோடு ஸ்குருவுக்குத்தான் போக வேண்டும்.

கழற்றும்போது இரண்டு விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். ஒன்று, வயர் செம்பா அலுமினியமா. 1965 முதல் 1973 வாக்கில் கட்டிய வீடுகள் பலவற்றில் அலுமினிய வயர் ஓடுகிறது. ஜிஎஃப்சிஐ அவுட்லெட்டின் ஸ்குரு செம்புக் கம்பிக்கானது. அலுமினியம் என்றால் அங்கேயே நிறுத்திக்கொண்டு ஆளைக் கூப்பிடுங்கள். இரண்டு, பெட்டியின் அளவு.

அப்புறம், பெர்மிட். நியூ ஜெர்சியில் சொந்தக் குடியிருப்பான தனி வீடு என்றால் வீட்டுக்காரரே பெர்மிட் எடுத்து வேலை செய்யலாம். எடுத்துவிடுங்கள். நீங்கள் செய்த வேலையை இன்னொரு ஜோடிக் கண் பார்ப்பதற்குக் கொடுக்கும் காசு அது.

மல்லிப்பூ | மினசோட்டா

ஃப்ரீசர் என்று எழுதியிருப்பதைப் பார்த்ததும் பதில் போடத் தோன்றியது. ஊருக்குப் போயிருந்தபோது எங்கள் கராஜ் ஜிஎஃப்சிஐ எப்போதோ டிரிப் ஆகிவிட்டது. திரும்பி வந்து கதவைத் திறந்தால் நாற்றம் தாங்கவில்லை. ஃப்ரீசரையே தூக்கிப் போட வேண்டியதாகிவிட்டது. ஃப்ரீசருக்கு மட்டும் ஜிஎஃப்சிஐ இல்லாத தனி அவுட்லெட் வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் என் யோசனை. முன்பெல்லாம் அப்படி வைக்க அனுமதி இருந்ததாக எங்கள் வீட்டுக்கு வந்தவரும் சொன்னார்.

செம்புக்கம்பி | டெக்சாஸ்

அக்கா, அவர் சொன்னது ஒருகாலத்தில் உண்மை. ஒரே இடத்தில் நிற்கும் ஃப்ரீசர், கூரையில் இருக்கும் மோட்டார் அவுட்லெட் இவற்றுக்கெல்லாம் விலக்கு இருந்தது. 2008 பதிப்பில் அதை எடுத்துவிட்டார்கள். 2020 பதிப்பில் கராஜில் இருக்கும் 240 வோல்ட் அவுட்லெட்டுகளையும் சேர்த்துவிட்டார்கள். எந்தப் பதிப்பு அமலில் இருக்கிறது என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

உங்கள் நஷ்டம் பெரியது, அதைச் சின்னதாகச் சொல்லவில்லை. ஆனால் நல்ல நிலையில் உள்ள ஃப்ரீசர் ஜிஎஃப்சிஐ-யை டிரிப் செய்யும் அளவுக்குக் கசியவிடாது. உங்களுடையது தானாகப் பனி உருக்கும் வகையா? அதற்குள் ஒரு ஹீட்டர் இருக்கும். அது பழசாகும்போது உறைக்குள் ஈரம் ஏறி, சூடேறும் நேரத்தில் கரண்ட் கசியும். அதனால்தான் எப்போதாவது, காரணமே தெரியாமல் டிரிப் ஆகிற மாதிரித் தோன்றும். கையால் பனியைச் சுரண்டும் சாதாரண செஸ்ட் ஃப்ரீசரில் அந்த ஹீட்டரே கிடையாது.

ஜிஎஃப்சிஐ இல்லாத அவுட்லெட்டில் அதே ஃப்ரீசரை மாட்டினால் கசிவு நிற்காது. தெரியாமல் போகும், அவ்வளவுதான். அதன் பிறகு அதைப் பிடிப்பது உங்கள் கை. ஈரத் தரையில் நின்றுகொண்டு ஃப்ரீசரின் தகரக் கைப்பிடியைத் தொடுவதை நினைத்துப் பாருங்கள்.

ஃப்ரீசருக்கென்று தனி ஜிஎஃப்சிஐ வையுங்கள். கம்ப்ரெஸரோ வேக்வமோ டிரிப் செய்தால் ஃப்ரீசர் பாதிக்கப்படாது. உள்ளே வெப்பநிலை ஏறினால் போனுக்குச் செய்தி அனுப்பும் சென்ஸர் ஒன்றும் போடுங்கள். ஃப்யூஸ் போனாலும், கதவு சரியாக மூடாவிட்டாலும் அது சொல்லும்.

ஆய்வுமேசை | கலிஃபோர்னியா

பலர் இதை ஃப்யூஸின் தம்பி என்று நினைத்துக்கொள்கிறார்கள், அதனால் உள்ளே நடப்பதைச் சொல்கிறேன். அவுட்லெட்டுக்குள் ஒரு சின்ன வளையம். ஹாட் (கரண்ட் வரும் கறுப்பு வயர்), நியூட்ரல் (அது திரும்பும் வெள்ளை வயர்) இரண்டும் அதன் நடுவே போகின்றன. ஹாட் வழியாகப் போன கரண்ட் முழுவதும் நியூட்ரல் வழியாகத் திரும்பினால் வளையத்தில் ஒன்றும் நடக்காது. போனதில் கொஞ்சம் வேறு வழியாக, அதாவது உங்கள் உடம்பு, ஈர கான்கிரீட் வழியாகத் தரைக்குப் போனால் அந்த வித்தியாசம் வளையத்தில் தெரியும். 6 மில்லி ஆம்பியரை எட்டினால் கட்டாயம் துண்டிக்க வேண்டும், 4-க்குக் கீழே துண்டிக்கக்கூடாது. கசிவு பெரிதாக இருந்தால் ஏறக்குறைய ஒரு நொடியின் நாற்பதில் ஒரு பங்குக்குள் வேலை முடிந்துவிடும்.

ஏன் 5-ஐ ஒட்டிய அளவு? இங்கே பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த சார்லஸ் டால்ஸீல் மனிதர்களையே வைத்துச் சோதித்தார். கம்பியைப் பிடித்த கையை விட முடியாமல் தசை இறுகிப்போவது எவ்வளவு கரண்டில் என்று பார்த்தார். ஆண்களுக்குச் சராசரி 16, பெண்களுக்கு 10.5 மில்லி ஆம்பியர். சிலருக்கு அதைவிடக் குறைவு, குழந்தைகளுக்கு இன்னும் குறைவு. 1961-இல் அவர்தான் இந்தக் கருவியையும் உருவாக்கினார். 20 ஆம்பியர் பிரேக்கர் கவனிப்பது இதைப்போல ஆயிரக்கணக்கான மடங்கு பெரிய கரண்டை. ஆள் போவதற்கு அது டிரிப் ஆகவே தேவையில்லை.

அதனாலேயே, கிரவுண்ட் வயர் (ஊரில் எர்த்) இல்லாத பழைய வீட்டிலும் ஜிஎஃப்சிஐ வேலை செய்யும், அது ஒப்பிடுவது ஹாட்டையும் நியூட்ரலையும்தான். ஆனால் ஒரு கை ஹாட்டிலும் மறு கை நியூட்ரலிலும் இருந்து, கால் தரையிலிருந்து பிரிந்திருந்தால் அது உங்களை ஒரு பல்பு என்றுதான் நினைக்கும். காப்பாற்றாது.

ராரிடன்கரை | நியூ ஜெர்சி

பெர்மிட்டுக்கு மனு போட்டாயிற்று, வேலையும் தொடங்கியாயிற்று. செம்புதான், 12 கேஜ் தடிமன், கிரவுண்டும் வருகிறது. முதல் அவுட்லெட் பேனலுக்குப் பக்கத்தில் இருப்பது இல்லை, எதிர்ச்சுவரில் இருப்பது! செம்புக்கம்பி அண்ணா சொன்னபடி பார்த்ததால் தெரிந்தது.

ஆனால் பெட்டி குட்டியாக இருக்கிறது. தகரப் பெட்டி, அளந்தால் 3 அங்குலம், 2 அங்குலம், ஆழம் இரண்டரை. அதில் இரண்டு கேபிள். ஜிஎஃப்சிஐ-யை வைத்து அமுக்கினால் வயர் மடங்கி ஸ்குருவில் இடிக்கிறது. விட்டுவிட்டேன்.

இன்னொன்று. பழைய அவுட்லெட் ஒன்றில் தற்காலிகமாக ஜிஎஃப்சிஐ வைத்த எக்ஸ்டென்ஷன் கார்டு போட்டு கிரைண்டரை ஓட்டிப் பார்த்தேன். சுவிட்சைத் தட்டியதும் டிரிப். ரீசெட் செய்தால் மறுபடி டிரிப். வேக்வம் போட்டால் ஒன்றும் ஆகவில்லை. இது கோயம்புத்தூரிலிருந்து கொண்டுவந்த 230 வோல்ட் கிரைண்டர், 120-ஐ 240 ஆக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வழியாக ஓடுகிறது. முன்பிருந்த அபார்ட்மெண்டில் மூன்று முள்ளை இரண்டாக்கும் அடாப்டர் போட்டு ஓட்டினோம். அப்போது ஈரக்கையோடு டிரம்மைத் தொட்டால் சில நேரம் சுர்ரென்று இருக்கும் என்று அம்மா இப்போது சொல்கிறார். டிரான்ஸ்ஃபார்மருக்கும் ஜிஎஃப்சிஐ-க்கும் ஒத்துவராதா?

செம்புக்கம்பி | டெக்சாஸ்

தம்பி, அந்தக் கிரைண்டரை இனி எங்கேயும் மாட்டாதீர்கள். அம்மாவிடமும் சொல்லிவிடுங்கள். அந்த அடாப்டரைக் குப்பையில் போடுங்கள். கசிந்த கரண்ட் கிரவுண்ட் வழியாகப் போயிருக்க வேண்டும். அந்த வழியை அடாப்டர் அடைத்துவிட்டது, மிச்சமிருந்த வழி அம்மாவின் கை.

பெட்டிக் கணக்கு: 12 கேஜ் வயர் ஒன்றுக்கு 2.25 கன அங்குலம். கறுப்பு, வெள்ளை சேர்த்து நான்கு, அவுட்லெட்டுக்கு இரண்டு வயர் அளவு இடம், கிரவுண்ட் எல்லாம் சேர்த்து ஒன்று, உள்ளே கேபிளைப் பிடிக்கும் கிளாம்ப் இருந்தால் ஒன்று. மொத்தம் எட்டு, 18 கன அங்குலம். உங்களுடையது 12.5. சாதாரண அவுட்லெட்டுக்கே போதாத பெட்டி அது. சுவரைக் கொஞ்சம் வெட்டி, 20 கன அங்குலத்துக்கு மேல் உள்ள ரீமாடல் பெட்டி (கட்டி முடித்த சுவரில் பொருத்தும் வகை) போடுங்கள். வெட்ட மனமில்லை என்றால் அதன் மேலேயே திருகும் எக்ஸ்டென்ஷன் பெட்டி கிடைக்கும், சுவரிலிருந்து துருத்திக்கொண்டு நிற்கும், கராஜுக்குப் பரவாயில்லை. தகரப் பெட்டியாகவே இருந்தால் கிரவுண்ட் வயர் பெட்டிக்கும் போக வேண்டும், அவுட்லெட்டுக்கும் போக வேண்டும்.

ஆய்வுமேசை | கலிஃபோர்னியா

டிரான்ஸ்ஃபார்மர் கேள்வி முக்கியமானது. இரண்டு வகை உண்டு. ஒரே சுற்றைக் கொண்ட ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர் என்றால் உள்ளே வரும் நியூட்ரலும் வெளியே போகும் ஒரு முனையும் ஒன்றே. கிரைண்டர் பக்கம் கசிந்தால் ஜிஎஃப்சிஐ-க்குத் தெரியும். தனித்தனிச் சுற்று கொண்ட ஐசொலேஷன் வகை என்றால் கிரைண்டர் பக்கத்துக் கசிவு சுவரில் இருக்கும் ஜிஎஃப்சிஐ-க்குத் தெரியவே தெரியாது. உங்களுடையது டிரிப் ஆவதைப் பார்த்தால் ஆட்டோ வகையாகத்தான் இருக்க வேண்டும். உறுதி செய்ய, சுவரிலிருந்து கழற்றிவிட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையை பிளக் முள்ளிலும் மறுமுனையை வெளியீட்டுத் துளையிலும் (இரண்டிலும் கிரவுண்டைத் தவிர்த்து) வையுங்கள். பீப் சத்தம் வந்தால் ஆட்டோ.

டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைத்தான் மாற்றுகிறது. ஊரில் 50 ஹெர்ட்ஸுக்குச் செய்த மோட்டார் இங்கே 60-இல் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு வேகம் கூடி ஓடும். கல், பெல்ட் எல்லாவற்றுக்கும் கூடுதல் சுமை.

நொய்யல் | கோயம்புத்தூர்

இங்கிருந்து ஒரு கேள்வி. எங்கள் வீட்டு டிபி பாக்ஸில், அதாவது பிரேக்கர் பெட்டியில், 30 மில்லி ஆம்பியர் கசிந்தால் துண்டிக்கும் ஆர்சிசிபி இருக்கிறது. ராரிடன்கரை கொண்டுபோன மாதிரி கிரைண்டர்தான் எங்களிடமும். ஒருநாளும் டிரிப் ஆனதில்லை. அமெரிக்காவில் மட்டும் ஏன் இவ்வளவு இறுக்கம்?

ஆய்வுமேசை | கலிஃபோர்னியா

நொய்யல், உங்கள் ஆர்சிசிபி முழு வீட்டுக்கும் காவல். வீட்டிலுள்ள எல்லாச் சாதனமும் சேர்ந்து இயல்பாகவே கொஞ்சம் கசியவிடும். 5-இல் வைத்தால் வீடே அடிக்கடி அணையும். இதயத் துடிப்பு தாறுமாறாவதைத் தடுக்க 30-இல் வேகமாகத் துண்டித்தால் போதும் என்பது அங்கே கணக்கு. இங்கே ஒரு சர்க்யூட்டுக்கு ஒன்று, கை விடுபடுவதே அளவுகோல்.

ஆனால் இதிலிருந்து ஒன்று கவனிக்கணும். 10 மில்லி ஆம்பியர் கசியும் கிரைண்டர் உங்கள் வீட்டில் டிரிப் செய்யாமலே வருடக்கணக்கில் ஓடலாம். எர்த் சரியாக இருக்கும்வரை யாருக்கும் தெரியாது. எர்த் வயர் எங்காவது விட்டுப்போன அன்றைக்குத்தான் தெரியும். உங்கள் ஊர் ரிவைண்டிங் கடைகளில் வயரின் மேல்தோல் கசியவிடுகிறதா என்று அளக்கும் மெக்கர் இருக்கும். ஒருமுறை கிரைண்டரைக் கொடுத்து அளந்துவிடுங்கள்.

ராரிடன்கரை | நியூ ஜெர்சி

எல்லாம் முடிந்தது, எழுதிவிடுகிறேன்.

கிரைண்டரைப் பக்கத்து ஊரில் மோட்டார் ரிப்பேர் செய்பவரிடம் கொடுத்தேன். அடிப்பக்கத் தகட்டைக் கழற்றியதும் காட்டினார். பவர் கார்டு உள்ளே நுழையும் துளையில் இருந்த ரப்பர் வளையம் நொறுங்கிப்போய், தகரத்தின் விளிம்பு வயரின் மேல்தோலை அறுத்திருந்தது. கழுவும் தண்ணீர் டிரம் ஓரமாக வழிந்து சரியாக அந்த இடத்தில்தான் சொட்டியிருக்கிறது. காய்ந்த மாவு ஒரு வெள்ளைத் தடமாக அங்கே வரைக்கும் ஓடியிருந்தது. கார்டையும் வளையத்தையும் மாற்றி, மோட்டாரை உலர்த்தி, 500 வோல்ட் மெக்கரில் அளந்து சரியாக இருக்கிறது என்று கொடுத்தார். இருந்தாலும் இங்கே விற்கும் 110 வோல்ட் கிரைண்டர் ஒன்று வாங்கிவிட்டோம். 60 ஹெர்ட்ஸ் விஷயம் படித்தபின் பழையதை ஓட்ட மனம் வரவில்லை.

எதிர்ச்சுவரில் பெரிய பெட்டி வைத்து 20 ஆம்பியர் ஜிஎஃப்சிஐ. ஸ்குருவை எவ்வளவு இறுக்க வேண்டும் என்று அவுட்லெட்டிலேயே போட்டிருந்தது. இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ஸ்குரூடிரைவர் வாங்கி அந்த அளவுக்கு இறுக்கினேன். கையால் 'போதும்' என்று நினைத்த இடத்துக்குப் பிறகும் அது கொஞ்சம் திரும்பியது. ஃப்ரீசருக்குப் பேனலிலிருந்து தனி 20 ஆம்பியர் சர்க்யூட் இழுத்து அதற்குத் தனி ஜிஎஃப்சிஐ. பேனலுக்குள் நடந்த வேலையை மட்டும் உள்ளூர் எலக்ட்ரீஷியனிடம் கொடுத்துவிட்டேன்.

டவுன்ஷிப் இன்ஸ்பெக்டர் வந்து ஒவ்வொரு அவுட்லெட்டிலும் டெஸ்டர் செருகிப் பார்த்தார். லோடில் இருக்கும் இரண்டு அவுட்லெட்டிலும் 'ஜிஎஃப்சிஐ பாதுகாப்பு உண்டு' என்ற ஸ்டிக்கர் ஒட்டச் சொன்னார். ஜிஎஃப்சிஐ-யோடு வந்த ஸ்டிக்கரைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தது நல்லதாய்ப் போயிற்று.

அகல்விளக்கு | ஒன்டாரியோ

நல்ல இழை. பக்கக் கேள்வி: அடுத்து மின்கார் வாங்கினால் இதே அவுட்லெட்டில் சார்ஜ் செய்யலாமா?

செம்புக்கம்பி | டெக்சாஸ்

அவசரத்துக்கு ஓரிரவு செய்யலாம், தினமும் வேண்டாம். அதே சர்க்யூட்டில் வேறு சாமான் ஓடினால் பிரேக்கர் தாங்காது. 240 வோல்ட் தனி சர்க்யூட் போடுங்கள். மணிக்கணக்கில் இழுக்கும் லோடு என்பதால் பிரேக்கரின் 80 சதவீதம்தான் கணக்கு. 32 ஆம்பியர் சார்ஜருக்கு 40 ஆம்பியர் பிரேக்கர்.

பிளக் வைத்தால் அந்த அவுட்லெட்டுக்கு ஜிஎஃப்சிஐ பிரேக்கர் வேண்டும் என்று இங்கே கேட்பார்கள். சார்ஜருக்குள்ளேயே கசிவைக் கவனிக்கும் சுற்று ஒன்று இருக்கிறது. சார்ஜ் தொடங்கும்போது அது தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும், அதைப் பார்த்து ஜிஎஃப்சிஐ பிரேக்கர் சில நேரம் டிரிப் ஆகும். பிளக் இல்லாமல் சார்ஜரை நேரடியாக வயரோடு இணைத்துவிட்டால் பெரும்பாலும் இந்தத் தொல்லை கிடையாது. கனடாவில் உங்களுக்கு வேறு விதித்தொகுப்பு, உள்ளூர் ஆளிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மல்லிப்பூ | மினசோட்டா

தம்பி, உங்கள் பதிலைப் படித்துவிட்டு ஃப்ரீசருக்குத் தனி ஜிஎஃப்சிஐ-யும் சென்ஸரும் போடச் சொல்லிவிட்டேன். கடைசியாக ஒன்று. கூரையில் இருக்கும் கதவு மோட்டார் அவுட்லெட்டை அங்கேயே ஜிஎஃப்சிஐ-யாக மாற்றலாம் என்கிறார் வந்தவர். சரியா?

செம்புக்கம்பி | டெக்சாஸ்

வேண்டாம் அக்கா. ரீசெட் பட்டன் ஏணி போடாமல் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. கூரை அவுட்லெட்டைச் சாதாரண அவுட்லெட்டாகவே விட்டு, சுவரில் இருக்கும் ஜிஎஃப்சிஐ-யின் லோடிலிருந்து அதற்கு வயர் கொண்டுபோகச் சொல்லுங்கள். அது முடியாவிட்டால் பேனலில் ஜிஎஃப்சிஐ பிரேக்கர். கராஜ் விளக்கு மட்டும் அந்த ஜிஎஃப்சிஐ-க்குப் பின்னால் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், டிரிப் ஆன நேரத்தில் இருட்டில் பட்டனைத் தேட வேண்டியதில்லை. மோட்டாருக்குக் கரண்ட் இல்லாத நேரத்தில் அதிலிருந்து தொங்கும் சிவப்புக் கயிற்றை இழுத்துவிட்டுக் கதவைக் கையால் தூக்கலாம். கதவு கீழே இறங்கியிருக்கும்போது மட்டும் இழுங்கள்.